அம்மாவின் ஒருபொழுது

முதலில் நழுவியது சாக்பீஸ். பத்தாம் வகுப்புக்கு ஒரு சமன்பாட்டை எழுதிக்கொண்டிருந்தேன். விரல்கள் மடங்க மறுத்தன. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டுக் குனிந்து எடுத்தேன். தீபாவளி முடிந்து மழை பிடித்திருந்த சமயம். சில நாள் கழித்து ஒரு காலையில் தலைவாரக் கையைத் தூக்கினேன், தோளுக்கு மேல் கை போகவில்லை. அம்மா வந்து வாரிவிட்டாள். சீப்பில் கொத்தாக முடி வந்தது. அம்மா அதை உருட்டி வெளியே போட்டுவிட்டு வந்தாள்.

நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படியேறியவள், முதல் பட்டதாரி. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. மயிலம் போகிற வழியில் உள்ள எங்கள் ஊரில் அப்பாவும் அம்மாவும் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் போடுகிறார்கள். அவர்கள் வெயிலில் நின்று என்னை நிழலில் உட்காரவைத்துப் படிக்க வைத்தவர்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன புரியாத பெயரைக் கைபேசியில் தேடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருத்திக்காக இதை எழுதுகிறேன். ஆறுதலாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை.

மழைக்காலம் என்பதால் சிக்குன்குனியா என்றார் முதலில் பார்த்தவர். மூட்டு வலி இருந்தது, அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு கன்னங்களில் சிவப்பாகத் தடித்தது. "மேடம், பவுடர் மாத்திட்டீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். அதன்பின் கால் வீங்கியது. சிறுநீர் சோப்புத் தண்ணீர்போல் நுரைத்தது. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ராத்திரியில் கண் விழித்துப் படித்ததால் வந்த சூடு என்றாள் எதிர்வீட்டு அத்தை. எனக்குக் கல்யாணம் தள்ளிப்போனதுதான் காரணம் என்று வேறொருத்தி சொன்னாளாம். மூட்டு வீக்கத்துக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்க எனக்கு அன்று தெம்பில்லை.

பொங்கலுக்கு முன் விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம், மறுபடி ரத்தம். ஒரு சோதனை முடிவு வர இன்னொன்றை எழுதினார்கள். காத்திருக்கும் பெஞ்சில் எல்லோரும் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டிருப்போம். கதவு திறந்தால் அத்தனை தலையும் நிமிரும். வேறு யாருடைய பெயரையோ கூப்பிடுவார்கள்.

கடைசியில் டாக்டர் மேடம் வந்தார். என்னைவிட ஓரிரு வயது கூட இருக்கலாம். படுக்கையில் இருந்தது நான். அவர் பேசியது அப்பாவிடம்.

"என்கிட்ட சொல்லுங்க மேடம்," என்றேன். "நான் எம்.எஸ்சி."

இதைச் சொன்னபோது என் கால்கள் பூசணிக்காய்போல் இருந்தன, தலையில் பாதி முடி இல்லை. ஆனாலும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

லூபஸ் என்றார். வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க நம் உடம்புக்குள் ஒரு படை இருக்கிறது. எனக்கு அந்தப் படை ஆள் தெரியாமல் என் மூட்டுகளையும் தோலையும் அடிக்கத் தொடங்கியிருக்கிறது. இப்போது சிறுநீரகத்துக்கு வந்திருக்கிறது. சிறுநீரகம் சல்லடை மாதிரி. சல்லடை கெட்டால் ரத்தத்தில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் போகும், அதுதான் நுரை. எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க ஊசியால் ஒரு துணுக்கு எடுக்கவேண்டும்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "அதாவது மேடம், காவலுக்கு வெச்ச நாய் ஊட்டாளையே கடிக்குது."

"ஆமாங்க. சரியாச் சொன்னீங்க."

"அப்ப கட்டி போடணும்."

"கட்டித்தான் போடப்போறோம். மாத்திரை போட்டு."

"அடிச்சித் தொரத்த முடியாதுங்களா?"

"நம்ம நாய்தானே? தொரத்திட்டா வேற கிருமி வந்தா யார் பாக்கறது?"

இந்த நோயைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் அப்பாவுக்கு இவ்வளவு புரியவைத்திருக்காது. அவர் அன்று கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்டேன்.

"எப்ப முழுசா சரியாகும்?"

"அடங்கும்," என்றார் மேடம். "சிலருக்கு வருஷக்கணக்கா அடங்கியே இருக்கும். சிலருக்குத் திரும்ப வரும். உங்களுக்கு எப்படின்னு இன்னைக்கு எனக்குத் தெரியாது."

தெரியாது என்று சொல்ல இவர் எதற்குப் படித்தார் என்று எனக்குக் கோபம் வந்தது.

துணுக்கு எடுத்த நாளில் குப்புறப் படுக்கவைத்து வயிற்றின் கீழ் தலையணை வைத்தார்கள். முதுகில் மரத்துப்போகும் ஊசி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, "மூச்ச இழுத்துப் புடிங்க" என்றார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போல ஒரு சத்தம், உள்ளே ஒரு தள்ளல். வலியைவிட அந்தச் சத்தம்தான் மோசம். பிறகு அசையாமல் மல்லாந்து கிடக்கவேண்டும், சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

நான் உள்ளே இருந்தபோது அம்மா வராந்தாவில் வேறொரு காரியம் செய்துவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த நூர்ஜகான் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அக்கா கோட்டக்குப்பத்துக்காரர். விழுப்புரத்தில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் மூச்சு வாங்கி இங்கே சேர்ந்தவர். அம்மாவுக்கும் அவருக்கும் வந்த அன்றே ஒட்டிக்கொண்டது.

"ஒங்கம்மா செவுத்த பாத்து நின்னுக்கினு சாமிக்கு வாக்கு குடுத்திச்சு," என்றார். "காலைலேர்ந்து டீ கூட வேணாங்குது."

அம்மாவைக் கேட்டேன். எங்கள் ஊர் முத்துமாரியிடம் வேண்டிக்கொண்டாளாம். எனக்கு முழுசாகக் குணமாகும் வரை ஒருபொழுது இருப்பாள். அதாவது விளக்கு வைத்த பிறகு ஒரே ஒரு வேளை சாப்பாடு. குணமானதும் ஊருக்கே கூழ் ஊற்றுவாள்.

எங்கள் பக்கத்தில் இப்படி வேண்டிக்கொள்வது புதிதில்லை. காய்ச்சலுக்கு வேண்டுவார்கள், கால் முறிவுக்கு வேண்டுவார்கள். காய்ச்சல் விடும், எலும்பு கூடும், ஒருபொழுது முடியும். அம்மாவுக்குத் தெரிந்த நோய்கள் எல்லாம் ஒன்று தீரும், இல்லாவிட்டால் ஆளைக் கொண்டுபோகும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கும் என்று அவளுக்கு யார் சொல்வது?

"முழுசாவா கேட்ட?" என்றேன். "ஏம்மா முழுசான்னு கேட்ட?"

"பின்ன, கேக்கறதுதான் கேக்கறோம், அரகொறையாவா கேப்பாங்க?"

நூர்ஜகான் அக்கா தன் கட்டிலிலிருந்து எட்டிப்பார்த்தார். என் பெயரை வைத்துத்தான் அம்மாவைக் கூப்பிடுவார். "மேகலாம்மா, எங்க நோன்பு சூரியன் எறங்கனா முடிஞ்சிரும். நோயாளின்னா அல்லாவே விட்டுக் குடுத்திருக்கான். உன் நோன்பு எப்ப முடியும்?"

"கொணமானா முடியும்."

"கொணமாவாது, அடங்கும்னுதான டாக்டரம்மா சொல்லுது?"

அம்மா என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். அது படையை அடக்கும், வீக்கத்தைக் குறைக்கும். கூடவே பசியைக் கிளப்பிவிடும், முகத்தை உப்பவைக்கும். சாப்பிட்ட பிறகுதான் போடவேண்டும், திடீரென்று நிறுத்தக்கூடாது. யாராவது உங்களுக்கு இதைக் கொடுத்தால் இந்த இரண்டையும் மறக்காதீர்கள்.

அந்தப் பசியை எப்படிச் சொல்வது? சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளைக்கு வயிறு கேட்கும். இட்லி, மறுபடி இட்லி, ரொட்டி. அம்மா ஊட்டிவிட்டாள். என் விரல்கள் தேறியதும் எதிரில் உட்கார்ந்து பரிமாறினாள். நான் உப்பிக்கொண்டே போனேன், அவள் வற்றிக்கொண்டே போனாள். வீடு திரும்பியபோது என் பழைய ரவிக்கை ஒன்றும் எனக்குச் சேரவில்லை. அவளுடையது தோளிலிருந்து வழிந்தது. விடியலில் வயலுக்குப் போவாள், உச்சிவெயிலில் வந்து எனக்குச் சோறு போடுவாள், தான் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போவாள். அவள் வெறும் வயிற்றோடு எதிரில் இருக்க, நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன். ஆனாலும் பசித்தது. அதுதான் கேவலமாக இருந்தது.

எனக்கு வெயில் ஆகாது. வெயில் பட்டால் நோய் கிளம்பும். குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போனால், "டீச்சரம்மா கருத்துடுவாங்களா?" என்று கிண்டல். பார்த்தவர்கள் எல்லாம், "முழுசா சரியாயிட்சா?" என்றார்கள். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் உடனே ஒரு நாட்டு வைத்தியர் பெயர் வரும். அடங்கியிருக்கிறது என்றால், என்ன படித்த பெண் இப்படிக் குழப்புகிறாள் என்று பார்ப்பார்கள். பள்ளியிலிருந்து தலைமையாசிரியை கூப்பிட்டார். முழுசாகச் சரியானதும் வருகிறேன் என்று நானும் சொல்லிவைத்தேன்.

பங்குனி போனது, சித்திரை போனது. நுரை குறைந்தது, கால் வீக்கம் வடிந்தது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒவ்வொரு முறை விழுப்புரம் போய்த் திரும்பும்போதும் பஸ்ஸில் அம்மா கேட்பாள்.

"கொணமாயிட்சின்னு சொன்னாங்களா?"

"நல்லா இருக்குன்னாங்க."

"கொணமாயிட்சின்னு?"

"இல்லம்மா."

"செரி," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒருநாள் மேடத்தின் அறையில் அம்மாவை வெளியே நிறுத்திவிட்டுக் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை.

"ஒரே ஒரு வார்த்தை மேடம். முழுசா குணமாயிடுச்சின்னு எங்கம்மாகிட்ட சொல்லிடுங்க. அவங்க சாப்ட ஆரம்பிச்சிடுவாங்க."

அவர் பேனாவை மூடினார். "நான் அப்படிச் சொன்னா, நாளைக்கு இந்த மாத்திரை எதுக்குன்னு கேப்பாங்க. நீங்க என்ன சொல்வீங்க?"

"சத்து மாத்திரைன்னு சொல்றேன்."

"ஒருநாள் கையில காசில்லாமலோ மழையிலயோ மாத்திரை தீர்ந்துபோனா, சத்து மாத்திரைதானே, அப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டுடுவாங்க. அப்படி விட்டவங்கள நான் மறுபடி வார்டுல பாத்திருக்கேன்."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம். பொய் சொல்லக்கூட முடியாத நோய்.

ஆனி மாதத்து வெயிலில் அடுத்த முறை போனோம். நான் மருந்து வரிசையில் நின்றேன், அம்மா பைகளை வைத்துக்கொண்டு தூண் ஓரம். திரும்பிப் பார்த்தபோது பைகள் இருந்தன, அம்மா தரையில் கிடந்தாள். யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நர்ஸ் என் உப்பிய முகத்தையும் கையிலிருந்த சீட்டையும் பார்த்துவிட்டு, அம்மாவையும் பார்த்தார்.

"யாரும்மா பேஷண்ட்?"

"ரெண்டு பேருந்தான்," என்றேன்.

சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தபோது அம்மா வாயை மூடிக்கொண்டாள். விளக்கு வைக்கவில்லையாம். நர்ஸ் சலைன் ஏற்றினார். வாய் வழியாகப் போகாததால் அதை அம்மா அனுமதித்தாள். ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, இப்படியே போனால் இதயத்தைப் பாதிக்கும் என்றார்கள். நான் அந்த வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

"எனக்கு நோய் வந்தா டாக்டர் இருக்காங்க. நீ செத்தா எனக்கு யாரு இருக்காங்க?"

அம்மா மெதுவாகச் சொன்னாள். "நான் சோத்துல கைய வெச்சி, அன்னைக்கி உனக்கு எதனா ஆயிட்சின்னா? அப்பறம் நான் உசிரோட இருந்துக்கினு இன்னா பண்ணப்போறேன்?"

அவளுடைய பிடிவாதத்தைப் பக்தி என்று நினைத்து அதுவரை அதோடு சண்டை போட்டேன். அது பயம். என்னுடைய பயமேதான். அடுத்த சோதனையில் என்ன வருமோ என்று நானும்தான் ஒவ்வொரு மாதமும் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் போகவில்லை, தோழியின் கல்யாணத்துக்குப் போகவில்லை, எனக்கென்று ஒரு புடவை எடுக்கவில்லை. நானும் ஒருபொழுதுதான் இருந்திருக்கிறேன். சோறு மட்டும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "ஆடி ஞாயித்துக்கிழமை கூழ் ஊத்தறோம்."

"கொணமானாதான் ஊத்துவா உங்கம்மா. சாமியே நேர்ல வந்து சொன்னாலும் சாட்சி கேப்பா அவ."

"அம்மா ஊத்தல. நான் ஊத்தறேன்."

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கோயிலுக்குப் போவதே பொங்கலுக்குப் பொங்கல். ஆனால் மறுபேச்சுப் பேசாமல் கேப்பையை மூட்டையிலிருந்து அளந்து மிஷினுக்கு எடுத்துப்போனார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்காகத் தாய் வேண்டிக்கொண்டதை, பிள்ளை வளர்ந்து சொந்தப் புத்தி வந்தபின் தன் தலையில் வாங்கிக்கொள்ளலாம். மொட்டைக்கும் அலகுக்கும் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒருபொழுதுக்கு யாரும் செய்ததாகத் தெரியவில்லை. பூசாரியிடம் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "உன் ஒடம்பு, உன் வேண்டுதல். ஆத்தாளுக்குக் கூழு வந்தா போதும், யாரு ஊத்தனா இன்னா?" என்றார். அம்மாவைக் கூப்பிட்டு அவள் காதுபடவும் அதையே சொல்லச்சொன்னேன். சொன்னார்.

"தப்பாயிட்சின்னா?" என்று அம்மா பூசாரியிடம் கேட்டாள்.

"ஆயிட்சின்னா எனக்குத்தான் ஆவும்," என்றேன் நான். "எப்படியும் எனக்குத்தான் ஆவப்போவுது. அதுல உனக்கு இன்னா பங்கு?"

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கொட்டகை போட்டிருந்தார்கள். நான் குடையையும் மடக்காமல் அதற்குள் போய் நின்றேன். "கொட்டாயிலயும் மழ பெய்யுதா டீச்சர்?" என்றாள் எதிர்வீட்டு அத்தை. சிரித்தேன். சாமி முன்னால் நின்றபோது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. மந்திரம் தெரியாது, அருள் வராது. வகுப்பில் பேசுகிற குரலில்தான் சொன்னேன்.

"எங்கம்மா வேண்டனத நான் வாங்கிக்கறேன். எனக்கு முழுசா கொணமாவுமான்னு யாருக்கும் தெரியல. அடுத்த ஆடிக்கு நான் எப்பிடி இருப்பேன்னு எனக்குத் தெரியாது. இந்த ஆடிக்கு என் கால்ல நடந்து வந்திருக்கேன், இந்தக் கையால கூழு கரைச்சிருக்கேன். இதுக்கு இந்தக் கூழு. அடுத்த வருஷம் நின்னா, அடுத்த வருஷமும் ஊத்தறேன். எங்கம்மாவோட ஒருபொழுது இன்னையோட முடிஞ்சிது."

பூசாரி கற்பூரம் காட்டினார். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. கூழை ஊற்ற ஆரம்பித்தோம். சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, அப்பா வாங்கிவந்த கருவாட்டுக் குழம்பு. ஊரே சொம்போடும் தூக்கோடும் வந்தது. அம்மா ஊற்றினாள், நான் வெங்காயம் வைத்தேன். குனிந்து நிமிர மூட்டு வலித்தது. அந்த வாரம் வரவேண்டிய சோதனை முடிவு இன்னும் வரவில்லை என்ற நினைப்பும் கூடவே இருந்தது. இந்த நிமிஷத்தில் வாழ் என்று சொல்கிறவர்கள், வலியும் பயமும் அந்த நிமிஷத்துக்குள்ளேயே நிற்கும் என்று சொல்வதில்லை. எனக்குச் சொல்லியிருந்தால் இத்தனை நாள் அவை போகட்டும் என்று காத்திருந்திருக்க மாட்டேன். மறுநாளே பள்ளிக்குப் போன் செய்து, அரை நாளாவது வருகிறேன் என்று கேட்டேன்.

அன்று கொட்டகையில் அம்மா மட்டும் கூழ் குடிக்கவில்லை. எல்லோருக்கும் ஊத்தட்டும், குழந்தைகளுக்கு ஊத்தட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். அண்டாவின் அடி தெரிந்தது. நான் ஒரு சொம்பில் ஊற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"வெளக்கு வெச்சப்பறம் பாத்துக்கலாம் பாப்பா."

"நீ குடி, அப்பறம் நான் குடிக்கறேன். எனக்கு மாத்திர நேரம் தாண்டுது. வெறும் வயித்துல போடக்கூடாது, தெரியுமில்ல?"

"நீ இன்னும் சாப்டலியா?"

"நீ சாப்டற வரைக்கும் சாப்டமாட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பா சட்டென்று அண்டாவைக் கவிழ்க்கப்போவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உன்னப் படிக்க வெச்சதுக்கு என்னையே மடக்கற, இல்ல?"

"ஆமா. குடி."

உச்சிவெயில் நேரம். அவள் ஒருமுறை கோயில் பக்கம் திரும்பி, எதையோ முணுமுணுத்தாள். பிறகு சொம்பைத் தூக்கினாள். முதல் வாயை வெகுநேரம் விழுங்காமல் வைத்திருந்தாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் விழுங்கினாள். அதன்பின் சொம்பைக் கீழே இறக்கவில்லை. கழுத்து ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு வெறும் சொம்பை என்னிடம் நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்து."

"அடிக்கூழும்மா. கட்டி கட்டியா இருக்கு."

"இருந்தா இருக்கட்டும், ஊத்துடீ. பசிக்குது."